வலம்புரியும் இடம்புரியும்: ஓர் இரசாயன விளக்கம்

மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று பதிப்பாசிரியர் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய என்னிடமிருந்து அவர் எதிர்பார்த்தது சங்கப் பாடல் நயமாகவோ சமய விளக்கமாகவோ இருந்திருக்கும். யான் அனுப்புவதோ இரசாயனக் கட்டுரை. இதற்கு ஒரு காரணம் உண்டு.

முன்னர் யான் கற்பித்த கரையோரப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்கு இரசாயன ஆசிரியர் நெடுநாளாக இலர். வசதியுள்ள மாணவர் சனிக்கிழமைதோறும் பேருந்தேறி நகரத்துத் தனியார் வகுப்புக்குச் செல்வர். அஃது இயலாதவர் பாடநூலைத் தாமே படித்துப் பரீட்சைக்குப் போவர். ஒருநாள் வலம்புரிச் சங்கு என்னும் தொடரை யான் விளக்கி முடித்தபோது, இரண்டாம் வகையைச் சேர்ந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், இரசாயனப் புத்தகத்தில் ஒளியியற் சமபகுதியம் என்று ஒரு பாடம் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் தமிழாகத்தான் இருக்கிறது. ஆனால் பொருள் விளங்கவில்லை. இப்போது சங்கைப் பற்றிச் சொன்னது அதைப் போல இருக்கிறது. சேர்தான் சொல்லவேண்டும்" என்றான். இரண்டு கிழமை தவணை கேட்டேன். வேறொரு கல்லூரியில் இரசாயனம் கற்பிக்கும் நண்பரைத் தேடிப் போய் அவரிடம் மாணவனாக அமர்ந்தேன். அங்குக் கற்றதே இக்கட்டுரை. பிழையிருப்பின் நண்பருடையதன்று, என்னுடையது.

சங்கிலிருந்தே தொடங்குவோம். மன்னார் வளைகுடாவிற் சுழியோடிகள் எடுக்கும் சங்குகளிற் கிட்டத்தட்ட எல்லாம் ஒரே பக்கமாக முறுகியவை. அவற்றை நாம் இடம்புரி என்கிறோம். இலட்சக்கணக்கானவற்றுள் அரிதாக ஒன்று எதிர்ப்பக்கமாக முறுகிக் கிடைக்கும். அதுவே கோயிலிலும் செல்வர் வீட்டிலும் போற்றப்படும் வலம்புரி. இரண்டிலும் சுண்ணப் பொருள் ஒன்றே, சுற்றும் ஒன்றே, பருமன் ஒத்த இரண்டை எடுத்தால் நிறையும் ஒன்றாகலாம். ஆயினும் ஒன்றை எப்படிப் புரட்டிப் பிடித்தாலும் மற்றையதாக ஆக்க முடியாது. இடம்புரியைக் கண்ணாடியின் முன் பிடித்தால் கண்ணாடிக்குள் தெரிவது வலம்புரி. (இந்த அருமையை வைத்து வணிகம் செய்வோரும் உளர். அமெரிக்கக் கடலில் இயல்பாகவே எதிர்ப்பக்கம் முறுகும் வேறோர் இனத்து ஓட்டைக் கொண்டுவந்து வலம்புரியென்று விற்பர். நம் சங்கின் வாயினுள்ளே நடுத்தண்டில் உள்ள மடிப்பு வரிகள் அதில் இரா. வாங்குவோர் விரலை விட்டுப் பார்ப்பது நன்று.)

மூலக்கூறுகளிலும் இத்தகைய இணைகள் உண்டு. காபன் அணு ஒன்று நான்கு பிணைப்புக்களை உடையது. அந்நான்கும் ஒரு தளத்தில் நான்கு திசைகளாகக் கிடப்பன அல்ல. துறைமுகங்களில் அலையைத் தடுக்கப் போடும் நாற்கால் கொங்கிறீற்றுக் கட்டியைக் கண்டவர்க்கு அவ்வமைப்பு உடனே விளங்கும்: எப்படி உருட்டினாலும் மூன்று கால் கீழும் ஒரு கால் மேலுமாக நிற்கும். அக்கால்களின் நுனிகளுக்குச் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என நான்கு நிறம் பூசுக. வெள்ளை நுனியொன்றை மேலே நிறுத்துவதுபோலச் சிவப்பை மேலே நிறுத்தி நோக்கினால், மற்றை மூன்றும் வலஞ்சுழியாகவும் வரலாம், இடஞ்சுழியாகவும் வரலாம். இரண்டு கட்டிகளும் ஒன்றன் ஆடியுரு மற்றையது. ஒன்றின்மேல் ஒன்று பொருந்தா. காபனோடு நான்கு வெவ்வேறு கூட்டங்கள் இணைந்தால் நிகழ்வது இதுவே. 1874 இல் ஒல்லாந்து நாட்டு வாண்ட் ஹொஃப் என்பாரும் பிரான்சு நாட்டு லெ பெல் என்பாரும் ஒருவரையொருவர் சாராது இக்கருத்தை வெளியிட்டனர். வாண்ட் ஹொஃபுக்கு அப்பொழுது வயது 22. நம் பாடநூல் இவ்விணைகளை எதிருருக்கள் என்று சொல்லும்.

இனி, இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிவது எங்ஙனம்? இங்கேதான் மாணவர் இடறுகின்றனர். இரண்டும் ஒரே வெப்பநிலையில் உருகும். ஒரே அளவாக நீரிற் கரையும். அடர்த்தியும் ஒன்றே. புளியிலுள்ள தாத்தாரிக்கமிலத்தின் ஒரு வடிவம் ஏறக்குறைய 170 பாகை செல்சியசில் உருகுமெனில், அதன் எதிருருவும் அதே 170 பாகையில் உருகும். கோயில் வாசலிற் கழற்றி வைத்த சோடிச் செருப்புக்களை எண்ணிப் பாருங்கள். தராசில் இட்டால் இடச் செருப்பும் வலச் செருப்பும் ஒரே நிறை. முழக்கோலால் அளந்தால் ஒரே நீளம். நீரிலிட்டால் இரண்டும் ஒன்றுபோல மிதக்கும். தராசுக்கும் கோலுக்கும் நீருக்கும் இடம் வலம் இல்லை. ஆனால் இருட்டில் வலக்காலை இடச் செருப்புக்குள் நுழைத்த மாத்திரத்திற் கால் சொல்லிவிடும். தானே இடம் வலம் உடைய பொருளே பிறிதொன்றின் இடம் வலத்தை அறியும். இக்கட்டுரையில் வரும் கருவிகள் யாவும் இந்தக் காலின் வேலையையே வெவ்வேறு விதமாகச் செய்கின்றன.

முதற் கருவி ஒளி. உச்சிப் பொழுதிற் புத்தளக் கடலேரியின் மேல் கண்கூசும் ஒளி பட்டுத் தெறிப்பதையும், சிலவகைக் கறுப்புக் கண்ணாடி அணிந்தால் அக்கூச்சம் மறைந்து நீருக்கடியிலுள்ள பாசி தெரிவதையும் நம்மவர் அறிவர். சாதாரண ஒளி எல்லாத் தளங்களிலும் அதிரும். நீரிலோ கண்ணாடியிலோ சாய்வாகத் தெறித்த ஒளி பெரும்பாலும் ஒரு தளத்தில் அதிரும். இதனை 1808 இற் பாரிசு நகரில் மாலுசு என்பார் கண்டறிந்தார். தளமுனைவாக்கிய ஒளி என்பது இதன் பெயர். 1815 இற் பியோ என்னும் பிரான்சிய அறிஞர், சீனிக் கரைசல், தெரபந்தைன் எண்ணெய் முதலியவற்றினூடே அவ்வொளியைச் செலுத்தியபோது, அதன் அதிர்வுத் தளம் ஒரு பக்கமாகத் திரும்புவதைக் கண்டார். திரும்பும் அளவை அளப்பதே முனைவுமானியின் வேலை. 100 மில்லிலீற்றரில் 20 கிராம் சீனியைக் கரைத்து 20 சதமமீற்றர் நீளக் குழாயில் இட்டு மஞ்சட் சோடிய ஒளியைச் செலுத்தினால், தளம் ஏறக்குறைய இருபத்தாறரைப் பாகை வலப்புறமாகத் திரும்பும். எதிருருக்களில் ஒன்று வலமாக எத்தனை பாகை திருப்புமோ, மற்றையது இடமாக அத்தனை பாகை திருப்பும். இரண்டும் சம அளவிற் கலந்திருந்தால் ஒளி திரும்புவதேயில்லை. அக்கலவையை இராசமிக் கலவை என்பர்.

ஒரு தளத்தில் நேராக அதிரும் ஒளிக்கு இடம் வலம் ஏது என்று கேட்கலாம். அதே ஐயம் எனக்கும் எழுந்தது. அவ்வொளி உண்மையில் வலமாகச் சுழன்று செல்லும் ஒரு கதிரும் இடமாகச் சுழன்று செல்லும் ஒரு கதிரும் சேர்ந்ததே என்று பிரெனெல் என்பார் 1820களில் விளக்கினார். எதிருருவொன்றின் ஊடாகச் செல்கையில் அவ்விரண்டில் ஒன்று சற்றே பிந்தும்; அப்பிந்துதலே தளம் திரும்புதலாகத் தோன்றுகிறது. ஆகவே ஒளிக்குள்ளும் ஓர் இடக்காலும் ஒரு வலக்காலும் இருக்கின்றன.

முனைவுமானி இல்லாத பாடசாலை மாணவர் மனந்தளரவேண்டா. கைத்தொலைபேசித் திரைகளிற் பல தளமுனைவாக்கிய ஒளியையே வெளிவிடுகின்றன. வெண்திரையின்மேல் மேற்சொன்ன கறுப்புக் கண்ணாடியைப் பிடித்து, திரை இருளும் வரை மெல்லத் திருப்புக. இருண்ட நிலையில் இரண்டுக்கும் இடையே ஒரு கண்ணாடிக் குவளையில் தடித்த சீனிப்பாகை வைத்தால் இருள் நீங்கி ஒளி மீளும். கண்ணாடியை மேலும் திருப்ப நிறங்கள் மாறி மாறித் தோன்றும். வெறும் நீரை வைத்தால் ஒன்றும் நிகழாது. என் மாணவன் இதனைச் செய்து பார்த்த அன்றைக்குத்தான் பாடம் அவனுக்குச் சொந்தமாயிற்று.

அறிவது இவ்வாறாக, பிரிப்பது எங்ஙனம்? இது மிக அரிய வேலை. இதன் வரலாறும் சுவையுடையது.

திராட்சை மதுப் பீப்பாய்களிற் படியும் உப்பிலிருந்து எடுத்த தாத்தாரிக்கமிலம் ஒளியை வலமாகத் திருப்பும். பிரான்சின் அல்சாசுப் பகுதித் தொழிற்சாலையொன்றில் 1820 ஐ அண்டி வேறோர் அமிலம் கிடைத்தது. அணுக் கணக்கில் அது தாத்தாரிக்கமிலமே. ஆனால் ஒளியைத் திருப்பவில்லை. 1844 இல் மிட்ஷர்லிக் என்னும் சேர்மானிய அறிஞர், இவ்விரு அமிலங்களின் சோடியம் அமோனியம் உப்புக்கள் பளிங்கு வடிவிலும் ஒன்றேயென்று எழுதினார். எல்லாம் ஒன்றாயின் ஒளி மட்டும் வேறுபடுவது ஏன்? 1848 இல் இருபத்தைந்து வயதினராகிய லூயி பாஸ்டர் அப்பளிங்குகளை உருப்பெருக்கியின்கீழ் வைத்து நோக்கினார். ஒளியைத் திருப்பாத உப்பிற் பளிங்குகள் இருவகையாக இருந்தன. சிறு முகமொன்று சிலவற்றில் வலப்பக்கமும் சிலவற்றில் இடப்பக்கமும் சரிந்திருந்தது. சிறு இடுக்கியால் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியலாக்கினார். ஒரு குவியலின் கரைசல் ஒளியை வலமாகத் திருப்பிற்று. மற்றையது அதே அளவு இடமாகத் திருப்பிற்று. முதுமையெய்தியிருந்த பியோ இதனை எளிதில் நம்பவில்லை. தம்மிடமிருந்த அமிலத்தையே கொடுத்து, தம் முன்னிலையிலேயே செய்துகாட்டச் சொல்லி, இடப்பக்கக் குவியலைத் தாமே முனைவுமானியில் இட்டுப் பார்த்த பின்னரே இளைஞரைத் தழுவிக்கொண்டார்.

ஈண்டு நம் கரைக்குரிய ஒரு செய்தியைச் சொல்லாதிருக்க இயலாது. அவ்வுப்பு இருவகைப் பளிங்குகளாகத் தனித்தனியே விளைவது ஏறக்குறைய 27 பாகை செல்சியசுக்குக் கீழேதான். அதற்கு மேற்பட்ட வெப்பத்தில் வலமும் இடமும் ஒரே பளிங்குக்குள் சேர்ந்து வேறொரு வடிவாக விளையும். பொறுக்குவதற்கு ஒன்றும் இராது. பாரிசின் குளிர் பாஸ்டருக்கு உதவிற்று. பகல் வெப்பம் 30 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும் புத்தளத்திலோ சிலாபத்திலோ அவர் தம் கரைசலைத் திறந்த திண்ணையில் வைத்திருந்தால், பளிங்குகள் கிடைத்திருக்கும், கண்டுபிடிப்புக் கிடைத்திராது. மேலும், இவ்வாறு தனித்தனியே விளையும் இயல்பு இராசமிக் கலவைகளுள் நூற்றுக்கு ஐந்து முதற் பத்துக்கே உண்டு. இடுக்கியால் உலகத்து மருந்தையெல்லாம் பொறுக்கவும் முடியாது.

அவ்வாறாயின் நம் உப்பள முறை உதவாதா? பாலாவிப் பக்கத்து உப்பு வயல்களிற் கடல்நீரைப் பாத்தி பாத்தியாக வற்றவிடும்போது, முதலில் சுண்ண உப்புக்கள் படியும். பின்னர்க் கறியுப்பு விளையும். மகனீசியம் உப்புக்கள் கடைசிவரை கசப்பு நீரிலேயே தங்கும். அந்நீரை வடித்து விட்டால் உப்புத் தூயதாகும். கரைதிறன் வேறுபாடே இவ்வித்தையின் உயிர். ஆனால் எதிருருக்கள் இரண்டும் ஒரே அளவு கரைவன. எத்தனை பாத்தி கட்டினாலும் அவை பிரியா.

1853 இற் பாஸ்டர் இதற்கொரு வழி கண்டார். கொயினா மருந்து தரும் சிங்கோனாப் பட்டையின் மூலப்பொருள்கள் தாமே இடம் வலம் உடையவை. அவற்றிலிருந்து பெற்ற ஒரு மூலத்தை இராசமிக் கலவையோடு சேர்த்து உப்பாக்கினார். வல அமிலமும் வல மூலமும் சேர்ந்தது ஓர் உப்பு. இட அமிலமும் அதே வல மூலமும் சேர்ந்தது மற்றோர் உப்பு. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று ஆடியுருக்கள் அல்ல. வலக்கையோடு வலக்கையைக் குலுக்கிப் பாருங்கள்; பின்னர் அதே வலக்கையாற் பிறரது இடக்கையைப் பற்றிப் பாருங்கள். பொருத்தம் வேறு. பொருத்தம் வேறானால் கரைதிறனும் வேறு. கரைதிறன் வேறானால் உப்பளத்தார் வித்தை பலித்துவிடும். ஓர் உப்பு முதலில் விளைய, அதனை வடித்தெடுத்து, வலிய அமிலத்தால் மூலத்தை நீக்கினால் தனி எதிருரு கையில் எஞ்சும். சிங்கோனா நம் நாட்டுக்கு 1861 இல் வந்து அக்கலைத் தோட்டத்தில் நடப்பட்டதென்பதும், கோப்பிச் செடி நோயால் அழிந்தபோது மலைநாட்டுத் தோட்டக்காரர் அதனைப் பெருவாரியாகப் பயிரிட்டனர் என்பதும் வரலாறு. காய்ச்சலுக்குக் கொயினா விழுங்கிய நம் முன்னோர், தாத்தாரிக்கமிலத்தைப் பிரித்த அம்மரத்தின் கசப்பையே விழுங்கினர். இன்றும் மருந்துத் தொழிலிற் பெரிதும் பயன்படும் வழிகளுள் இது ஒன்று.

1858 ஐ அண்டி மூன்றாம் வழியும் அவருக்கே தோன்றிற்று. பூஞ்சணமும் நுண்ணுயிரும் இராசமிக் கரைசலில் வலத்தை உண்டு இடத்தை விட்டுவிடும். உயிரின் நொதியங்கள் யாவும் ஒரு பக்கமாக முறுகியவை. அவற்றின் வாய்க்கு ஒன்றே பொருந்தும். இம்முறையிற் பாதிப் பொருள் உண்ணப்பட்டுப் போகும் என்பது குறை. இக்காலத்தார் கலவையை நீண்ட குழாய்களினூடே செலுத்திப் பிரிக்கின்றனர். குழாயினுள்ளே நிரப்பும் பொருள் பெரும்பாலும் செலுலோசிலிருந்தோ மாப்பொருளிலிருந்தோ ஆக்கப்பட்டது. தாவரம் கட்டிய அப்பொருளும் ஒரு பக்கமே உடையதாதலின், எதிருருக்களில் ஒன்றைச் சற்றே கூடுதலாகப் பற்றிப் பிந்தச் செய்யும். பிரிக்கும் தொல்லையே வேண்டாவென்று, ஒன்றை மட்டுமே ஆக்கும் ஊக்கிகளைக் கண்ட நோல்சு, நொயோரி, சார்ப்பிளசு என்னும் மூவருக்கு 2001 இல் நோபெல் பரிசு கிடைத்தது. பார்க்கின்சன் நோய்க்குரிய எல்-டோபா என்னும் மருந்து நோல்சின் வழியில் ஆக்கப்பட்டது.

இத்தனை பாடுபட்டு ஏன் பிரிக்கவேண்டும்? நம் உடலே ஓர் ஒற்றைக் கால், அதனால். புதினா இலையின் மணத்துக்கும் சதகுப்பை விதையின் மணத்துக்கும் முதன்மையான காரணம் காவோன் என்னும் ஒரே சேர்வை. புதினாவில் உள்ளது இடத்துக்குத் திருப்பும், சதகுப்பையில் உள்ளது வலத்துக்குத் திருப்பும். மூக்கு அவற்றை இரண்டு பொருளென்றே சொல்லும். கற்பூரத்தில் இதற்கு மாறானதைக் காணலாம். கற்பூர மரத்திலிருந்து எடுப்பது ஒளியை வலமாகத் திருப்பும். தெரபந்தைனிலிருந்து தொழிற்சாலையில் ஆக்குவது பெரும்பாலும் இராசமிக் கலவை. முன்னேசுவரத்துச் சந்நிதியில் இரண்டும் ஒன்றுபோலவே எரியும். தீக்கு இடம் வலம் இல்லை.

மருந்தில் இது விளையாட்டன்று. 1957 இல் மேற்குச் சேர்மனியில் விற்பனைக்கு வந்த தலிடொமைட்டு என்னும் உறக்க மருந்தைக் கருவுற்ற பெண்கள் குமட்டலுக்கு உண்டனர். 1961 இல் அது நிறுத்தப்படுமுன் பல நாடுகளிலுமாகப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபட்டுப் பிறந்தன. அம்மருந்து இராசமிக் கலவை. ஓர் எதிருருவை நீக்கியிருந்தால் இத்துயர் நேர்ந்திராது என்று பல நூல்கள் எழுதிவிடுகின்றன. அது சரியன்று என்று நண்பர் வற்புறுத்திச் சொன்னார். அம்மருந்தின் எதிருருக்கள் உடலுக்குள்ளே ஒன்று மற்றையதாக மாறவல்லவை. தூயதைக் கொடுத்தாலும் உடல் கலவையாக்கிவிடும். பிரிக்கத் தெரிவது மட்டும் போதாது. பிரிந்தது பிரிந்தவாறே நிற்குமா என்பதையும் அறியவேண்டும்.

இனிப் பெயர்க் குழப்பம். நம் கரையோரச் சமையலில் மீனுக்கு இடும் புளிகள் இரண்டு. பழப்புளியின் தாத்தாரிக்கமிலம் ஒளியை வலமாகத் திருப்பும். கொறக்காப்புளியில் உள்ளது தாத்தாரிக்கும் சித்திரிக்கும் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1965 இல் மைசூர் மத்திய உணவுத் தொழினுட்ப ஆராய்ச்சி நிலையத்து லூயிசும் நீலகண்டனும் அது ஐதரொட்சிச் சித்திரிக்கமிலம் என்றும், ஒளியை இடமாகத் திருப்பும் வடிவமென்றும் காட்டினர். அவ்வமிலத்துக்கு நான்கு வடிவங்கள் இருக்கலாம். கொறக்கா மரம் ஆக்குவது ஒன்றையே. ஒன்று வலம், ஒன்று இடம் என்பதால் இவ்விரு புளிகளும் எதிருருக்கள் என்று மாணவர் எழுதிவிடலாகாது. அவை வேறு வேறு சேர்வைகள்.

அடுத்த இடறல் இதனினும் பெரிது. பழப்புளியின் அமிலத்துக்குச் சக அடையாளம் இடுவர், வலமாகத் திருப்புவதால். அதற்கே எல் என்னும் எழுத்தையும் இடுவர்; இலத்தீனில் அஃது இடத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. 1966 இல் முழுமைபெற்ற கான், இங்கோல்ட், பிரெலொக் முறைப்படி அதன் இரு காபன்களும் ஆர், அஃதாவது வலம். ஒரே அமிலத்துக்கு மூன்று பெயர். இரண்டு வலம், ஒன்று இடம். அடையாளம் ஒளி திரும்பும் திசையைச் சொல்கிறது. எழுத்துக்கள் அணுக்களின் ஒழுங்கைச் சொல்கின்றன. ஒன்றைக்கொண்டு மற்றையதை ஊகிக்க முடியாது. அணுக்களின் உண்மை ஒழுங்கு 1951 வரை எவருக்கும் தெரியாது. எமில் பிசர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒன்றை வலமென்று வெறுமனே வைத்துக்கொண்டு சீனிகளின் படங்களையெல்லாம் வரைந்தார். 1951 இல் ஒல்லாந்தின் உத்திரெக்டு நகரில் பைவூட் என்பாரும் அவர்தம் துணைவரும், தாத்தாரிக்கமிலத்தின் சோடியம் உருபிடியம் உப்பை எக்சு கதிரால் ஆராய்ந்து, பிசரின் ஊகம் தற்செயலாகச் சரியாய் அமைந்ததைக் கண்டனர். மாறியிருந்தால் உலகத்துப் பாடநூற் படங்களையெல்லாம் கண்ணாடியிற் பார்த்துத் திருப்பி வரையவேண்டி நேர்ந்திருக்கும்.

இதனைச் சொன்னபோது மாணவன் சங்குக்கே திரும்பினான். விலங்கியற் புத்தகம் நம் சாதாரணச் சங்கை வலஞ்சுழி என்கிறதே, நாம் இடம்புரி என்கிறோமே, எது சரி என்று கேட்டான். வகுப்பிலிருந்த சங்கை எடுத்து, கூர்ச் சுருள் மேலாகவும் வாய் அவனை நோக்கியும் இருக்கப் பிடித்தேன். வாய் வலப்பக்கம் திறந்திருந்தது; விலங்கியலார் பிடிக்கும் முறை இது. தலைகீழாக்கி, நீர் வார்க்கும் நீண்ட முனை மேலாகப் பிடித்தேன். வாய் இடப்பக்கம் போயிற்று. நம் முன்னோர் பிடித்த முறை இது. சங்கு மாறவில்லை. பரீட்சையில் இக்கேள்வி வந்தால் அடையாளத்தையும் எழுத்தையும் இரண்டையுமே எழுதிவிடும்படி அவனுக்குச் சொன்னேன். அவ்வாறே எழுதியதாகப் பின்னர் வந்து சொன்னான்.